வலைப்பக்கம் கேட்டது, ரவுட்டர் வழிவிட்டது: ‘நாட் ஸ்லிப்ஸ்ட்ரீமிங்’ ஓர் எளிய விளக்கம்

வீட்டுக் கணினியில் ஒரு வலைப்பக்கத்தைத் திறக்கிறீர்கள். எதையும் டவுன்லோட் செய்யவில்லை, கடவுச்சொல் எதையும் தட்டவில்லை, ‘அனுமதி’ கேட்டு வரும் எந்தப் பெட்டியையும் அழுத்தவில்லை. ஆனாலும் சில நொடிகளில், அந்தப் பக்கத்தை நடத்துகிறவர் எங்கோ இருந்துகொண்டு உங்கள் கணினியின் ஒரு போர்ட்டுக்கு, அதாவது ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசலுக்கு, நேராக இணைப்புப் போட முடிகிறது. இடையில் இருக்கும் ரவுட்டர் அவரைத் தடுக்கவில்லை. அவருக்கு வழிவிட்டதே அதுதான்.

2020 அக்டோபர் 31 அன்று சாமி கம்கார் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வாளர் இதைச் செய்துகாட்டி, ‘நாட் ஸ்லிப்ஸ்ட்ரீமிங்’ என்று பெயரிட்டார். பிரவுசர்கள் உடனே தடுப்பு போட்டன. இருந்தாலும் இந்தத் தாக்குதலைப் புரிந்துகொள்வது இன்றும் அவசியம். ரவுட்டர் இருக்கிறது, அதனால் வீட்டுக்குள் இருப்பவை பத்திரம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி, எங்கே பிசகுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு வேறில்லை.

முகவரி மாற்றம் எதற்காக வந்தது?

ஐ.பி. நான்காம் பதிப்பின் முகவரி 32 பிட் நீளம். எல்லா முகவரிகளையும் கூட்டினால் ஏறத்தாழ 430 கோடிதான் வரும். உலகத்தில் இருக்கும் கணினி, கைபேசி, கேமரா, தொலைக்காட்சி எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு முகவரி கொடுக்க இது போதாது என்பது 1990-களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. முகவரிகளைப் பகிர்ந்தளிக்கும் உலக அமைப்பான ஐயானாவின் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தே போனது.

1994 மே மாதம் வந்த ஆர்.எஃப்.சி. 1631 என்ற ஆவணம் ஒரு தற்காலிக ஏற்பாட்டை முன்வைத்தது. வீட்டுக்குள்ளோ அலுவலகத்துக்குள்ளோ எந்த முகவரியை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், வெளியே போகும்போது ரவுட்டர் அதைப் பொது முகவரியாக மாற்றி அனுப்பும் என்பதுதான் அதன் சாரம். உள்வலைகளுக்கென்றே 192.168, 10 என்று தொடங்குபவை போன்ற சில தொகுப்புகள் 1994-லேயே ஒதுக்கப்பட்டன. இந்த முகவரி மாற்றத்தைத்தான் துறையில் ‘நாட்’ என்கிறார்கள்.

நடைமுறையில் அது இப்படி வேலை செய்கிறது. உங்கள் கணினியின் உள்முகவரி 192.168.1.5 என்று வைத்துக்கொள்வோம். அது 51000 என்ற போர்ட்டிலிருந்து ஒரு வலைத்தளத்துக்குக் கோரிக்கை அனுப்புகிறது. ரவுட்டர் அந்தக் கோரிக்கையைச் சுமக்கும் பாக்கெட்டின் அனுப்புநர் முகவரியை அழித்துவிட்டு, தன் பொது முகவரியான 203.0.113.7 என்பதை எழுதுகிறது. கூடவே தன் நினைவகத்தில் ஒரு வரியைக் குறித்துக்கொள்கிறது: ‘இந்தத் தளத்திலிருந்து 51000-க்குப் பதில் வந்தால் அது 192.168.1.5-க்கு உரியது.’ பதில் வந்ததும் அந்த வரியைப் பார்த்து உள்ளே அனுப்புகிறது. கொஞ்ச நேரம் போக்குவரத்தே இல்லை என்றால் வரியை அழித்துவிடுகிறது.

பட்டியலில் இல்லாத ஒரு பாக்கெட் வெளியிலிருந்து வந்தால்? யாருக்குக் கொடுப்பது என்று ரவுட்டருக்குத் தெரியாது. அதனால் தூக்கிப் போட்டுவிடும். நாம் ‘ரவுட்டர் காப்பாற்றுகிறது’ என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தத் தெரியாமைதான். உள்ளே அனுப்பக்கூடாது என்று யாரும் விதி எழுதி வைத்திருக்க வேண்டியதில்லை. பட்டியலில் ஒரு வரி இல்லை, அவ்வளவுதான். ஆகவே, அந்த வரியை எப்படியாவது எழுதவைத்துவிட்டால் பாதுகாப்பும் அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

உறைக்குள் இருப்பதையும் படிக்கும் வழக்கம்

முகவரி மாற்றம் வந்ததும் சில பழைய செயலிகள் நின்றுபோயின. கோப்புகளை அனுப்பும் எஃப்.டி.பி. அதில் முதன்மையானது. அதன் பழைய முறையில், கணினி முதலில் சர்வரின் 21-ஆம் போர்ட்டுக்கு இணைப்புப் போட்டு, ‘கோப்பை இந்த முகவரிக்கு, இந்த போர்ட்டுக்கு அனுப்பு’ என்று எழுத்திலேயே சொல்லும். அந்தச் செய்தியில் 192,168,1,5,200,10 என்று ஆறு எண்கள் இருக்கும். முதல் நான்கும் முகவரி. ஐந்தாவதை 256-ஆல் பெருக்கி ஆறாவதைக் கூட்டினால் போர்ட் எண், அதாவது 51210, கிடைக்கும். பிறகு சர்வர் அந்த போர்ட்டுக்குத் தானாக இணைப்புப் போட வேண்டும். ஆனால் 192.168.1.5 என்பது வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும் முகவரி. வெளியே இருக்கும் சர்வருக்கு அதனால் பயனில்லை.

இதைச் சரிசெய்ய, ரவுட்டரின் இயங்குதளத்துக்குள் சிறு உதவி நிரல்களை வைத்தார்கள். ஏ.எல்.ஜி. என்று ரவுட்டர் அமைப்புகளில் நீங்கள் பார்ப்பது இதைத்தான். பாக்கெட்டின் மேலுறையில் இருக்கும் முகவரியோடு நிற்காமல், உள்ளே இருக்கும் எழுத்தையும் இவை படிக்கும். அங்கே எழுதியிருக்கும் உள்முகவரியைப் பொது முகவரியாகத் திருத்தும். ‘சர்வர் திரும்பி வருவார், விட்டுவிடு’ என்று பட்டியலில் முன்கூட்டியே ஒரு வரியும் எழுதும்.

ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவு எழுத்தரை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகும் உறைகளில் அலுவலக முகவரியை எழுதிப் பதிவேட்டில் குறிப்பது மட்டுமே அவர் வேலை. பிறகு யாரோ, ‘சில கடிதங்களுக்குள்ளே எங்கள் அறை எண் இருக்கும், அதையும் திருத்தி, பதிலோடு வருகிறவரை உள்ளே விடுங்கள்’ என்று சொல்லிவிடுகிறார்கள். அன்றிலிருந்து எழுத்தர் உறைகளைப் பிரித்துப் படிக்கத் தொடங்குகிறார். கடிதத்தை எழுதியது உண்மையில் யார் என்று அவர் விசாரிப்பதில்லை. எந்த வாசல் வழியாகப் போகிறது, முதல் வரி எப்படி இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கிறார்.

இணையம் வழித் தொலைபேசிக்கான எஸ்.ஐ.பி. நெறிமுறைக்கும் இப்படி ஓர் உதவி நிரல் உண்டு. அது 5060-ஆம் போர்ட்டுக்குப் போகும் போக்குவரத்தைக் கவனிக்கும். ஒரு தொலைபேசி தன் சர்வரிடம், ‘நான் இந்த முகவரியில், இந்த போர்ட்டில் இருக்கிறேன், அழைப்பு வந்தால் இங்கே அனுப்பு’ என்று பதிவுசெய்யும். அந்தச் செய்தி ‘ரெஜிஸ்டர்’ என்ற சொல்லில் தொடங்கும். அதைக் கண்டதும் உதவி நிரல், செய்தியில் சொல்லப்பட்ட போர்ட்டுக்கு வெளியிலிருந்து வர வழி செய்துவிடும். வீட்டு ரவுட்டர்களில் பெரும்பாலானவை லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலில் ஓடுபவை. அந்தக் கர்னலின் நெட்ஃபில்டர் பகுதிக்குள்தான் இந்த உதவி நிரல் இருக்கிறது.

முதல் பைட்டில் நடக்கும் ஏமாற்று

இனி தாக்குதலுக்கு வருவோம். தாக்குபவர் தன் வலைப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படிவத்தை வைக்கிறார். பக்கம் திறந்ததும் அது தானாகவே அவருடைய சர்வரின் 5060-ஆம் போர்ட்டுக்கு அனுப்பப்படும். ஒரு வலைப்பக்கம் தன் சர்வருக்குப் படிவம் அனுப்புவதில் பிரவுசருக்கு எந்தத் தப்பும் தெரியாது. படிவத்துக்குள்ளே இருக்கும் எழுத்தோ ஒரு போலி ‘ரெஜிஸ்டர்’ செய்தி.

ஆனால் ஒரு தடை இருக்கிறது. பிரவுசர் எதை அனுப்பினாலும் முதலில் தன் தலைப்பு வரிகளை எழுதித்தான் தொடங்கும். பாக்கெட்டின் முதல் சொல் ‘போஸ்ட்’ என்று இருந்தால், எஸ்.ஐ.பி. உதவி நிரல் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளாது. ‘ரெஜிஸ்டர்’ என்ற சொல் பாக்கெட்டின் தொடக்கத்திலேயே இருக்க வேண்டும். அதை எப்படிச் சாதிப்பது?

கம்கார் கண்ட வழி துல்லியமானது. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் பொதுவாக 1500 பைட் வரை போகலாம். ஐ.பி. தலைப்புக்கு 20, டி.சி.பி. தலைப்புக்கு 20 என்று கழித்தால் உள்ளடக்கத்துக்கு 1460 பைட் மிஞ்சும். அதைவிட நீளமான செய்தியை இயங்குதளம் துண்டுகளாக வெட்டி, அடுத்தடுத்த பாக்கெட்டுகளில் அனுப்பும். பிரவுசரின் தலைப்பு வரிகள் 600 பைட் என்று வைத்துக்கொள்வோம். படிவத்தில் முதலில் 860 பைட் வெற்று எழுத்தை நிரப்பினால் முதல் பாக்கெட் சரியாக நிறைந்துவிடும். அதற்கு அடுத்து எழுதியிருக்கும் ‘ரெஜிஸ்டர்’ இரண்டாவது பாக்கெட்டின் முதல் பைட்டில் வந்து உட்காரும்.

எங்கே வெட்டு விழும் என்பதையும் ஊகிக்க வேண்டியதில்லை. முதலில் நீளமான ஒரு படிவத்தை அனுப்பவைத்து, தன் சர்வருக்கு வந்து சேரும் பாக்கெட்டுகளின் அளவைத் தாக்குபவர் அளந்துகொள்கிறார். இணைப்புத் தொடங்கும்போதே ‘ஒரு துண்டில் இத்தனை பைட்டுக்கு மேல் அனுப்பாதே’ என்று சொல்லும் உரிமையும் டி.சி.பி. நெறிமுறைப்படி அவருடைய சர்வருக்கு உண்டு. அந்தக் கணக்கை வைத்து நிரப்பு எழுத்தைக் கூட்டிக் குறைத்து, உண்மையான படிவத்தை இரண்டாவதாக அனுப்பவைக்கிறார்.

தபால் எழுத்தருக்கு நேர்ந்ததும் இதுதான். நீண்ட கடிதம் ஒன்று இரண்டு உறைகளில் போகிறது. முதல் உறையைப் பார்த்தவர், ‘இது நமக்குரியது இல்லை’ என்று விட்டுவிட்டார். இரண்டாவதைப் பிரித்ததும் தனக்குப் பழக்கமான வாசகம் முதல் வரியிலேயே இருக்கிறது. அது முந்தைய கடிதத்தின் தொடர்ச்சி என்பது அவர் நினைவில் இல்லை.

பிழையின் வேர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. டி.சி.பி. என்பது பைட்டுகளின் தொடர் ஓட்டம். அவை எந்த இடத்தில் பாக்கெட்டுகளாக வெட்டப்படுகின்றன என்பதற்கு எந்தப் பொருளும் இல்லை. உதவி நிரலோ ஒவ்வொரு பாக்கெட்டையும் தனிச் செய்தியாக எடுத்துக்கொள்கிறது. முழு ஓட்டத்தையும் சேர்த்துப் படிக்க நேரமும் நினைவகமும் செலவாகும் என்பதால் கர்னலுக்குள் இப்படிச் சுருக்கிக்கொண்டார்கள். அந்தச் சுருக்கத்தைத்தான் தாக்குபவர் பிடித்துக்கொண்டார்.

மிச்சம் ஒரு தகவல் தேவை. லினக்ஸின் உதவி நிரல், செய்தியில் சொல்லப்படும் உள்முகவரியும் அதை அனுப்பிய கணினியின் உள்முகவரியும் ஒன்றா என்று பார்க்கும். அதனால் 192.168.1.5 என்பதைத் தாக்குபவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். வீடியோ அழைப்புகளுக்காகப் பிரவுசரில் இருக்கும் வெப்ஆர்.டி.சி. வசதி அதைச் சில பிரவுசர்களில் சொல்லிவிடும். சொல்லாவிட்டால், வீட்டு வலையின் பல முகவரிகளிலிருந்து படங்களைக் கேட்பதுபோல் கேட்டு, எந்த முகவரி சட்டென்று பதில் தருகிறது என்று நேரத்தை அளந்தே கண்டுபிடிக்கலாம்.

எல்லாம் நடந்து முடிந்ததா என்பதைத் தாக்குபவருக்குச் சொல்வதும் ரவுட்டர்தான். போலிச் செய்தியில் அவர் 192.168.1.5 என்று எழுதியிருந்தார். தன் சர்வருக்கு வந்து சேரும்போது அங்கே 203.0.113.7 என்று இருந்தால், நடுவில் உதவி நிரல் அதைத் திருத்தியிருக்கிறது என்று பொருள். அதாவது பட்டியலில் வரி விழுந்துவிட்டது. அதன் பிறகு அவர் கேட்ட போர்ட் எதுவோ, அது அவருக்குத் திறந்திருக்கும். விண்டோஸின் கோப்புப் பகிர்வுக்கான 445-ஆக இருக்கலாம், ஒரு மென்பொருளாளர் தன் கணினியில் ஓடவிட்டிருக்கும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தின் 3306-ஆக இருக்கலாம்.

இரண்டாவது அலை

முதல் வடிவத்தில் ஆபத்து, பக்கத்தைத் திறந்த கணினியோடு நின்றது. 2021 ஜனவரி இறுதியில் ஆர்மிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கம்காரோடு சேர்ந்து இரண்டாவது வடிவத்தை வெளியிட்டபோது அந்த எல்லையும் போனது. அவர்கள் எடுத்துக்கொண்டது வீடியோ மாநாடுகளுக்கான எச்.323 என்ற பழைய நெறிமுறை. அதன் வழக்கமான போர்ட் 1720. அதில் அழைப்பை வேறொரு தொலைபேசிக்குத் திருப்பிவிடும் வசதி உண்டு. திருப்பிவிடுவதென்றால் மூன்றாவது முகவரி ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், உதவி நிரலும் அதை ஏற்கத்தான் வேண்டும். ஆகவே ஒருவர் கைபேசியில் பக்கத்தைத் திறந்தால், அதே வலையில் இருக்கும் பிரிண்டருக்கோ கேமராவுக்கோ வழி திறந்துவிடலாம்.

இது ஏன் கூடுதல் கவலை? கணினிக்கும் கைபேசிக்கும் அடிக்கடி புதுப்பிப்பு வருகிறது, அவற்றுக்குச் சொந்த ஃபயர்வாலும் இருக்கிறது. பிரிண்டரின் 9100-ஆம் போர்ட் பொதுவாகக் கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை, வந்ததை அப்படியே அச்சடிக்கும். தொழிற்சாலைகளில் இருக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவும் இப்படித்தான். உள்வலையில் இருப்பவர் எல்லாரும் நம்மவர் என்று எண்ணி வடிவமைக்கப்பட்டவை அவை.

யார் சரிசெய்தார்கள், யார் செய்யவில்லை?

முதலில் ஓடிவந்தவர்கள் பிரவுசர் தயாரிப்பாளர்கள். ஒரு வலைப்பக்கம் சில போர்ட்டுகளுக்குக் கோரிக்கை அனுப்பக்கூடாது என்ற தடைப்பட்டியல் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தது. படிவத்தை வைத்து வேறு நெறிமுறைகளை ஏமாற்றலாம் என்று யோகன் டோப் 2001-லேயே எழுதியிருந்தார். கம்காரும் 2010-ல் ஐ.ஆர்.சி. அரட்டைக்கான உதவி நிரலை இதேபோல ஏமாற்றிக் காட்டியிருந்தார். 2020-ல் அந்தப் பட்டியலில் 5060, 5061 சேர்ந்தன. நவம்பரில் வந்த குரோம் 87 அவற்றைத் தடுத்தது. இரண்டாவது அலைக்குப் பின் 1720 உள்ளிட்ட இன்னும் சில சேர்ந்தன. பாதுகாப்புப் பிழைகளுக்குத் தரப்படும் அடையாள எண்களில் சி.வி.இ.-2020-16043 என்பது குரோமின் திருத்தத்துக்கும், சி.வி.இ.-2021-23961 என்பது ஃபயர்பாக்ஸின் திருத்தத்துக்கும் உரியவை.

இந்தத் தடை தேவையானதுதான். ஆனால் பிழை இருப்பது பிரவுசரில் இல்லை. வேறொருவரின் ஓட்டையைப் பிரவுசர் தன் பக்கமிருந்து அடைத்திருக்கிறது. நாளை இன்னொரு போர்ட்டைக் கவனிக்கும் இன்னொரு உதவி நிரல் ஏமாந்தால் பட்டியலில் இன்னொரு எண் சேரும். அந்த போர்ட்டை நியாயமான வேலைக்குப் பயன்படுத்துகிறவர்களுக்குத்தான் அதனால் இடைஞ்சல்.

உண்மையான திருத்தம் இயங்குதளத்தில் நடக்க வேண்டும். அது நடந்தும் இருக்கிறது. உதவி நிரல்களை எப்படி ஏமாற்றலாம் என்று நெட்ஃபில்டர் குழுவைச் சேர்ந்த எரிக் லெப்லோன் 2012-லேயே விளக்கி எச்சரித்தார். அதே ஆண்டு, போர்ட் எண்ணை மட்டும் பார்த்து உதவி நிரல் தானாக வேலை தொடங்குவதை நிறுத்திவைக்கும் வசதி லினக்ஸ் கர்னலில் வந்தது. 2016-ல் வெளியான 4.7 பதிப்பிலிருந்து அது இயல்பாகவே நிறுத்தப்பட்டது. வேண்டும் என்கிற நிர்வாகி, எந்தச் சர்வருக்கு எந்த உதவி நிரல் என்று வெளிப்படையாக விதி எழுத வேண்டும். கம்கார் தாக்குதலைச் செய்துகாட்டுவதற்கு 4 ஆண்டுகளுக்கு முன்பே மருந்து தயாராகிவிட்டது.

ஆனால் பல ரவுட்டர்களுக்கு அந்த மருந்து போய்ச் சேரவில்லை. பழைய கர்னலிலேயே, உதவி நிரல்கள் எல்லாம் இயங்கும் நிலையிலேயே புதிய பெட்டிகளை விற்றார்கள். விற்ற பிறகு திருத்தம் அனுப்புவதில் பல தயாரிப்பாளர்களுக்கு அக்கறை இல்லை. வாங்கியவருக்கோ, தன் வீட்டு மூலையில் பச்சை விளக்கு எரியும் பெட்டிக்குள் ஓர் இயங்குதளம் இருக்கிறது, அதற்கும் வயதாகிறது என்று யாரும் சொல்வதில்லை. இந்தக் கதையில் மன்னிக்க முடியாத பகுதி இதுதான்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, பிரவுசரைப் புதுப்பித்து வைத்திருங்கள். மேலே சொன்ன தடைகள் எல்லாம் 2021-க்குப் பிந்தைய பதிப்புகளில் உண்டு. பழைய கைபேசியிலும் ஸ்மார்ட் டிவியிலும் இருக்கும் பிரவுசர்களை மறந்துவிடாதீர்கள்.

இரண்டாவது, ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்துபாருங்கள். பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற முகவரியில் இருக்கும். ஃபயர்வால், நாட், அட்வான்ஸ்டு போன்ற பகுதிகளுக்குள் ஏ.எல்.ஜி. என்ற தலைப்பில் எஸ்.ஐ.பி., எச்.323 என்று பெயர்கள் இருக்கும். அவற்றை அணைத்துவிடுங்கள். இன்றைய இணையத் தொலைபேசிச் சேவைகள் முகவரி மாற்றத்தைத் தாமே சமாளித்துக்கொள்ளும். அழைப்பில் குரல் ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது என்ற புகாருக்கு எஸ்.ஐ.பி. உதவி நிரலை அணைக்கச் சொல்வதே அத்தகைய சேவைகளின் வழக்கமான முதல் அறிவுரை. உங்கள் தரைவழி எண்ணும் அதே பெட்டியில் இருந்தால், அணைத்த பின் ஓர் அழைப்பு செய்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அதே நிர்வாகப் பக்கத்தில் ஃபர்ம்வேர் புதுப்பிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். யு.பி.என்.பி. என்ற வசதி தேவையில்லை என்றால் அதையும் அணையுங்கள். உள்ளே இருக்கும் எந்தச் செயலியும் கேட்டமாத்திரத்தில் போர்ட்டைத் திறந்துகொடுக்கும் வசதி அது.

நான்காவது, உள்வலையில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் இணையத்தில் நேரடியாக இருப்பதாகவே கருதுங்கள். கேமராவின் தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். கணினியின் சொந்த ஃபயர்வாலை அணைக்காதீர்கள். கேமரா, பிரிண்டர் போன்றவற்றை முடிந்தால் விருந்தினர் வைஃபையில் தனியாகப் போடுங்கள். பழைய கர்னல் கொண்ட லினக்ஸ் சர்வரை ரவுட்டராக நிர்வகிப்பவர் என்றால், உதவி நிரல்களின் தானியங்கி அமைப்பு சுழியத்தில் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

ஐ.பி. ஆறாம் பதிப்பு வந்தால் இந்தத் தொல்லை தீருமா என்று கேட்கலாம். அங்கே முகவரிப் பஞ்சம் இல்லை, ஒவ்வொரு கருவிக்கும் சொந்தப் பொது முகவரி கிடைக்கும். அதனாலேயே, உள்ளிருந்து தொடங்காத எந்த இணைப்பையும் வெளியிலிருந்து ஏற்காதே என்ற விதியை ரவுட்டரின் ஃபயர்வால் வெளிப்படையாக வைத்திருக்க வேண்டும். பட்டியலில் வரி இல்லாததால் கிடைத்த தற்செயல் பாதுகாப்பு அங்கே இருக்காது. எழுதிவைத்த விதி மட்டுமே காக்கும். யோசித்துப் பார்த்தால், இதுவே நேர்மையான நிலை.

முகவரிகளை மிச்சப்படுத்தத் தற்காலிகமாக வந்த ஏற்பாடு 30 ஆண்டுகளாக அந்த வேலையை நன்றாகவே செய்துவருகிறது. அதன் தலையில் காவல் வேலையையும் ஏற்றியது நாம். அடுத்த முறை ரவுட்டர் வாங்கும்போதும், இணையச் சேவை நிறுவனம் ஒன்றைக் கொண்டுவந்து பொருத்தும்போதும், வேகம் எவ்வளவு என்று கேட்பதோடு இன்னொரு கேள்வியையும் கேளுங்கள்: இந்தப் பெட்டிக்கு எத்தனை ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் வரும்? வாங்குகிறவர்கள் பலரும் இதைக் கேட்கத் தொடங்கினால், விற்கிறவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.